உடம்புக்குள் கரைந்து போகும் பாலிமர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலிமர் என்றால் சிறு மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்த பொருள். ஆய்வகத்தில் இந்தப் பாலிமர்களோடு மல்லுக்கட்டிய காலத்திலிருந்து இன்றுவரை மாணவர்கள், நோயாளிகளின் வீட்டார், சும்மா ஆர்வத்தில் கேட்டவர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன். ஒரே பொருள் மருந்து செலுத்துவதில் கொடிகட்டிப் பறக்கிறது, உறுப்பு வளர்ப்பதில் இன்னும் தடுமாறுகிறது. ஏன் என்று பதில்களைப் படித்தால் புரியும்.

சாரம், சாரக்கட்டு என்கிறார்களே, உடம்புக்குள் எதற்குச் சாரம்?

கொத்தனார் நின்று வேலை செய்யச் சாரம் கட்டுவார்கள், கட்டடம் எழும்பியதும் பிரித்து எடுத்துவிடுவார்கள். இங்கே கொத்தனார் வேலையைச் செய்வது செல்கள். எலும்போ தோலோ குருத்தெலும்போ பெரிதாகப் போய்விட்ட இடத்தில் செல்கள் பிடித்து ஏறவும், பரவவும், திசுவுக்குக் கட்டுமானமாக இருக்கும் கொலாஜன் என்ற புரதத்தைச் சுரந்து நிரப்பவும் துளைகள் நிறைந்த ஒரு தாங்கி வேண்டும். அதைப் பிறகு ஆபரேஷன் செய்து எடுக்க முடியாது, அதனால் தானாகவே கரைய வேண்டும். அவ்வளவுதான் அடிப்படை. அதே பாலிமருக்குள் மருந்தைப் பொதித்து வைத்தால், பாலிமர் கரையக் கரைய மருந்து வெளியே வரும். அது இரண்டாவது பயன்.

இதெல்லாம் இன்னும் ஆராய்ச்சியில் இருப்பதா, நிஜத்தில் பயன்படுகிறதா?

உங்கள் வீட்டில் யாருக்காவது சிசேரியன் ஆகியிருந்தால் அவர்கள் உடம்பில் இது இருந்திருக்கும். "உள் தையல் தானாகக் கரைந்துவிடும், பிரிக்க வரவேண்டாம்" என்று டாக்டர் சொல்வது பெரும்பாலும் இந்த ரகத் தையல்தான். முன்பு ஆடு, மாட்டுக் குடலிலிருந்து செய்த கேட்கட் நூல்தான் இருந்தது. பாலிகிளைகாலிக் அமிலம் என்ற பாலிமரில் செய்த டெக்ஸான் நூல் 1970 வாக்கில் வந்தது. 1974இல் விக்ரில் வந்தது. அதில் கிளைகாலைடு (கிளைகாலிக் அமில அலகு) 90 பங்கு, லாக்டைடு (லாக்டிக் அமில அலகு) 10 பங்கு. விக்ரில் இரண்டு வாரம் கழித்து ஏறக்குறைய முக்கால்வாசி பலத்தோடு இருக்கும், நான்கு வாரத்தில் கால்வாசிதான் மிஞ்சும், இரண்டு மாதம் சொச்சத்தில் நூலே இருக்காது. நூல் முழுசாக இருக்கும்போதே பலம் போய்விடுகிறது என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் பல சிக்கல்களுக்கு அதுதான் வேர்.

கரைந்தால் எங்கே போகிறது? பிளாஸ்டிக் துகள் ரத்தத்தில் சுற்றாதா?

இந்தப் பாலிமர்களின் சங்கிலியில் கண்ணிக்குக் கண்ணி எஸ்டர் என்ற வேதிப்பிணைப்பு இருக்கிறது. உடம்பில் இருக்கும் தண்ணீரே அந்தப் பிணைப்பை வெட்டும், பெரும்பாலும் என்சைம் எதுவும் தேவையில்லை. வெட்டி வெட்டிக் கடைசியில் மிஞ்சுவது லாக்டிக் அமிலமும் கிளைகாலிக் அமிலமும். லாக்டிக் அமிலம் நம் உடம்புக்கு அன்றாடம் பழகிய சரக்கு, சும்மா உட்கார்ந்திருக்கும் ஆளுடைய உடம்பே ஒரு நாளைக்கு நூறு கிராமுக்கு மேல் அதை உண்டாக்கி எரித்துவிடுகிறது. தையல் நூலிலிருந்து வரும் சில மில்லிகிராம் அதில் காணாமல் போய்விடும், கார்பன் டை ஆக்சைடாக மூச்சில் வெளியேறும். கிளைகாலிக் அமிலத்தில் ஒரு பங்கு சிறுநீரில் போகிறது. இடையில் துண்டுதுண்டாக உடையும் கட்டம் ஒன்று உண்டு. அந்தத் துண்டுகளை மேக்ரோஃபேஜ் என்ற துப்புரவுச் செல்கள் விழுங்கிச் சுத்தம் செய்யும், அப்போது அந்த இடத்தில் லேசான அழற்சி இருக்கலாம்.

எவ்வளவு நாளில் கரையும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்?

செய்பவர்தான். இந்தத் துறையின் மொத்த சாமர்த்தியமும் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

லாக்டிக் அலகில் ஒரு மெதில் தொகுதி கூடுதலாக ஒட்டிக்கொண்டிருக்கிறது, அது தண்ணீரைக் கிட்டே விடாது. அதனால் லாக்டிக் பங்கு ஏற ஏறக் கரைவது தாமதமாகும். லாக்டிக், கிளைகாலிக் அலகுகள் சேர்ந்த பி.எல்.ஜி.ஏ என்கிற பாலிமரில் இரண்டும் பாதிப்பாதி இருந்தால் ஒன்றிரண்டு மாதம். லாக்டிக் 75, கிளைகாலிக் 25 என்றால் நான்கைந்து மாதம். முழுக்க பாலி எல் லாக்டிக் அமிலம் என்றால் இரண்டு வருஷத்துக்கு மேல். பாலிகேப்ரோலாக்டோன், அதாவது பி.சி.எல், இரண்டு மூன்று வருஷம் தாக்குப்பிடிக்கும். அப்புறம் மூலக்கூறு எடை, சங்கிலியின் நுனியில் அமிலம் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா, பொருள் எவ்வளவு தடிமன், எந்த முறையில் கிருமி நீக்கினார்கள் என்று எல்லாமே கணக்கை மாற்றும். காமா கதிர் அடித்தால் சங்கிலிகள் அங்கேயே கொஞ்சம் அறுந்துவிடும், ஆறு மாதம் நிற்கவேண்டியது நான்கே மாதத்தில் உதிர்ந்தால் ஆச்சரியப்படக்கூடாது. வழக்கமான ஆட்டோகிளேவ் பக்கமே போக முடியாது, 121 டிகிரி நீராவியில் பி.எல்.ஜி.ஏ சாரம் உருகிக் குழைந்துவிடும்.

இன்னொன்று, பலரும் நம்ப மறுப்பது: தடிமனான துண்டு வெளியிலிருந்து தேய்வதில்லை, உள்ளேதான் முதலில் கரைகிறது. உள்ளே உண்டான அமிலம் வெளியேற வழியில்லாமல் தேங்கி, மேலும் மேலும் பிணைப்புகளை வெட்டுகிறது. மேல்தோல் கெட்டியாக இருக்கும்போது நடுப்பகுதி கூழாகியிருக்கும். ஆய்வகத்தில் சில வாரம் தண்ணீரில் ஊறிய பாலிமர் வட்டைக் கத்தியால் அறுத்துப் பார்த்தால் தெரியும், நடுவில் பிசுபிசுவென்று வழியும்.

மட்கும் பை, மட்கும் தட்டு என்று விற்பதும் பி.எல்.ஏ, அதாவது பாலி லாக்டிக் அமிலம்தானே? என் 3டி பிரிண்டர் சுருளும் அதுதானே? அதில் எலும்புக்கு ஏதாவது செய்யலாமா?

பெயர் ஒன்று, சரக்கு வேறு. சுருளில் நிறமி, வினையூக்கியின் மிச்சம், இன்னும் என்னென்ன சேர்மானம் என்று யாருக்கும் தெரியாது. மருத்துவ ரகத்தில் தகர மிச்சம், கரைப்பான் மிச்சம், எண்டோடாக்ஸின் என்ற பாக்டீரியா நச்சு எல்லாவற்றையும் அளந்து காட்ட வேண்டும், அதனால்தான் ஒரு சின்ன டப்பா அந்த விலை. கல்லூரி புராஜெக்டில் வடிவம் பார்க்க அச்சடியுங்கள், செல் வளர்த்துப் பாருங்கள், அதற்கு மேல் வேண்டாம். அப்புறம் அந்த மட்கும் தட்டு குப்பைமேட்டில் சும்மா கிடந்தால் சீக்கிரம் மட்காது, 60 டிகிரியை ஒட்டிய சூட்டில் இயங்கும் தொழிற்கூட உரக்கிடங்கு வேண்டும்.

ஒரு ஊசி போட்டால் ஒரு மாதம் வேலை செய்கிறது என்கிறார்களே, எப்படி?

மருந்தைப் பி.எல்.ஜி.ஏ உருண்டைகளுக்குள் பொதித்துவிடுகிறார்கள். உருண்டை என்றால் கண்ணுக்குத் தெரியாத அளவு, ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கிலிருந்து பத்தில் ஒரு பங்குக்குள். பார்க்க வெள்ளைப் பொடிதான். ஊசி போடும் நேரத்தில் அதற்கென்று கொடுத்த திரவத்தில் கலக்கிச் சதையில் ஏற்றுவார்கள், உருண்டைகள் அங்கேயே தங்கி மருந்தைக் கசியவிடும்.

புராஸ்டேட் புற்றுநோய்க்குத் தரும் லியூப்ரோலைடு நல்ல உதாரணம். முதலில் அது தினசரி ஊசியாக வந்தது. 1989இல் மாதம் ஒருமுறை போடும் லுப்ரான் டெப்போ அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வயசானவருக்கு மாதம் முப்பது குத்து எங்கே, ஒரு குத்து எங்கே. எண்டோமெட்ரியோசிஸ் என்ற கருப்பை சார்ந்த நோய்க்கும், சீக்கிரமே பருவமடையும் குழந்தைகளுக்கும் இதே ஊசி போகிறது. குடிப்பழக்கத்தை விட உதவும் நால்ட்ரெக்ஸோனை மாதாந்திர ஊசியாக்கிய விவிட்ரால் 2006இல் வந்தது, தினமும் மாத்திரை போடுவாரா மாட்டாரா என்று வீட்டார் காவல் காக்க வேண்டியதில்லை.

இதன் தொடக்கம் பாஸ்டனில். புற்றுக்கட்டிக்குப் புதிய ரத்தக்குழாய் முளைப்பதைத் தடுக்கும் பொருளை அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் தேடிக்கொண்டிருந்தார். கிடைத்த புரதங்களைச் சோதிக்க, அவை நாள்கணக்கில் மெல்லக் கசிந்துகொண்டிருக்க வேண்டும். அவரிடம் சேர்ந்த இளம் வேதிப்பொறியாளர் ராபர்ட் லாங்கர் அதற்கு வழி கண்டார், 1976இல் 'நேச்சர்' இதழில் இருவர் பெயரிலும் கட்டுரை வந்தது. அவ்வளவு பெரிய மூலக்கூறு பாலிமர் வழியாக வெளியே வரவே வராது என்று சொன்ன நிபுணர்கள் அப்போது நிறையப் பேர். வேடிக்கை என்னவென்றால் அந்தக் கட்டுரையில் பயன்பட்ட பாலிமர்கள் கரையாத ரகம். கரையும் ரகத்தில் அந்த யோசனை குடியேறியது பிறகுதான்.

போட்ட உடனே வேலை செய்யுமா?

மருந்தைப் பொறுத்தது, இங்கேதான் நோயாளிகள் குழம்புகிறார்கள். உருண்டையின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் மருந்து முதல் நாளே கொட்டிவிடும். பிறகு ஒரு மந்தக் கட்டம். பிறகு பாலிமர் உள்ளே இடிய ஆரம்பித்ததும் மறுபடி ஏற்றம். ரிஸ்பெரிடோன் என்ற மனநோய் மருந்தின் முதல் நீண்டகால ஊசியான ரிஸ்பெர்டால் கான்ஸ்டாவில் அந்த மந்தக் கட்டம் மூன்று வாரம்! ஊசி போட்டாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்தினால் அந்த மூன்று வாரமும் உடம்பில் மருந்து கிட்டத்தட்ட இல்லை என்றே அர்த்தம். அதனால்தான் அதுவரை மாத்திரையும் சேர்த்துத் தருகிறார்கள். டாக்டர் சொல்லாமல் எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கண்ணுக்குள், மூளைக்குள்ளும் வைக்கிறார்களாமே?

ஆமாம். சர்க்கரை நோயால் விழித்திரையில் நீர் கோத்தால் ஓசர்டெக்ஸ் என்று ஒன்று போடுவார்கள். பென்சில் முள்ளைவிட மெலிந்த சின்னக் குச்சி, பி.எல்.ஜி.ஏ-வில் 0.7 மில்லிகிராம் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து. கண்ணின் வெள்ளைப்பகுதி வழியாக ஊசியால் உள்ளே செலுத்துவார்கள், சில மாதம் மருந்து கசியும், குச்சி கரைந்துவிடும். கண் அழுத்தம் ஏறலாம், புரை வளரலாம், எனவே தொடர்ந்து போய்க் காட்ட வேண்டும்.

மூளைக்குள் வைப்பது கிளியாடெல் என்ற புற்றுமருந்து வில்லை, 1996இல் அனுமதி பெற்றது. கட்டியை எடுத்த குழிக்குள் எட்டு வில்லைகள் வரை அடுக்கிவிட்டு மூடுவார்கள். அதில் இருப்பது பாலிஅன்ஹைட்ரைடு என்ற வேறு ரகப் பாலிமர், மேற்பரப்பிலிருந்து மட்டும் தேயும்படி வடிவமைத்தது. ரத்தத்திலிருந்து மூளைக்கு மருந்து நுழைவதே பாடு என்பதால் நேராக அங்கேயே வைத்துவிடுகிறார்கள். யோசனை அழகானது, பலன் சுமார்தான்: பெரிய சோதனையில் சராசரியாக இரண்டு மாதம் சொச்சம் ஆயுள் கூடியது.

சாரத்தை எப்படிச் செய்கிறார்கள்?

பல வழி உண்டு. எனக்குப் பிடித்தது உப்பு முறை, செலவே இல்லை. உப்பைச் சலித்து ஒரே அளவுப் பரல்களாக எடுத்துக்கொள்வோம், அச்சில் கொட்டி, குளோரோஃபார்மில் கரைத்த பாலிமரை மேலே ஊற்றுவோம். கரைப்பான் ஆவியானதும் உப்பும் பாலிமருமாக ஒரு கெட்டி வில்லை கிடைக்கும். அதைத் தண்ணீரில் போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி இரண்டு நாள் ஊறவைத்தால் உப்பு கரைந்து, அது இருந்த இடமெல்லாம் துளையாகும். உப்புப் பரல் ஒன்றையொன்று தொடாவிட்டால் துளைகள் தனித்தனி அறையாக நின்றுவிடும், செல் உள்ளே போக வாசல் இருக்காது. ஆகவே உப்பைத் தாராளமாகப் போட வேண்டும், எடையில் பத்தில் ஒன்பது பங்குவரை.

இன்னொன்று மின்புல நூற்பு. பத்துப் பதினைந்து ஆயிரம் வோல்ட்டில் ஊசி முனையிலிருந்து பாலிமர் கரைசல் நூலாகப் பீய்ச்சும், எதிரே உள்ள தகட்டில் வெள்ளை விரிப்பாகப் படியும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் திசுவில் இருக்கும் கொலாஜன் வலைமாதிரியே இருக்கும். சென்னை மழைக்காலத்தில் இதைச் செய்து பாருங்கள், காற்றின் ஈரத்தில் நூல் நூலாக வராமல் மணி கோத்தாற்போல வரும், இல்லையென்றால் நூலின் மேலெல்லாம் குழி விழும். கட்டுரைகளில் ஈரப்பதத்தை எழுதாமல் விடுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.

3டி அச்சு இப்போது சர்வசாதாரணம், பி.சி.எல் 60 டிகிரியிலேயே உருகுவதால் அதற்கு வசதி.

துளை எவ்வளவு பெரிசு இருக்க வேண்டும்?

எலும்புக்கு 100 மைக்ரானாவது (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்), 300க்கு மேல் இருந்தால் ரத்தக்குழாய் நுழையத் தோது. அதற்காகத் துளையை ஏற்றிக்கொண்டே போனால் பலம் போய்விடும். கெட்டியான பாலி எல் லாக்டிக் அமிலமே எலும்பின் விறைப்பில் ஐந்தில் ஒரு பங்கைத் தொடாது, துளையிட்டபின் சொல்லவே வேண்டாம். தொடை எலும்பின் பாரத்தை இது மட்டும் தாங்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எலி முதுகில் மனிதக் காது வளர்த்த படம் உண்மையா?

படம் உண்மை, கூடவே சுற்றும் கதைகள் பொய். மரபணு மாற்றம் எதுவும் இல்லை, மனித செல்லும் இல்லை. பாலிகிளைகாலிக் அமில இழைவலையைக் குழந்தையின் காது வடிவத்தில் செய்து, மாட்டின் குருத்தெலும்பு செல்களை அதில் ஏற்றி, எதிர்ப்புசக்தி குறைந்த எலியின் தோலுக்கடியில் வைத்தார்கள். இழைவலை கரைய, குருத்தெலும்பு வளர்ந்தது. சார்லஸ் வகாண்டியின் குழு 1997இல் வெளியிட்டது. அந்தக் காதுக்குக் கேட்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அது வெறும் மடல்.

அது மனிதருக்கு வரப் பல வருஷம் பிடித்தது. காது மடல் சரியாக வளராமல் பிறந்த ஐந்து குழந்தைகளுக்கு அவர்களுடைய செல்களையே வளர்த்துக் காது பொருத்தியதாகச் சீன மருத்துவர்கள் 2018இல் எழுதினார்கள். உள்ளே பி.சி.எல் எலும்புக்கூடு, வெளியே சீக்கிரம் கரையும் வலை. வேகமாகக் கரைவதும் மெதுவாகக் கரைவதும் ஒரே பொருளில்.

அப்படியானால் கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் எப்போது?

அவசரப்படாதீர்கள். ஒரு செல் உயிரோடு இருக்க வேண்டுமானால் ஒன்றிரண்டு நூறு மைக்ரானுக்குள் ரத்தக்குழாய் இருக்க வேண்டும். சாரத்தில் செல்லை நிரப்பி உள்ளே வைத்தால் ஓரத்தில் இருப்பவை பிழைக்கும், நடுவில் இருப்பவை குழாய் வந்து சேர்வதற்குள் செத்துவிடும். மருந்து உருண்டைக்கு இந்தக் கவலையே கிடையாது, அது கரைந்தால் போதும், பதிலுக்கு எதுவும் வளர வேண்டியதில்லை. அதனால்தான் அங்கே வெற்றி, இங்கே தடுமாற்றம்.

சிறுநீர்ப்பையை வளர்த்ததாக அந்தோனி அடாலாவின் குழு 2006இல் 'லான்செட்' இதழில் எழுதியது, ஏழு நோயாளிகள், உலகமே கொண்டாடியது. அடுத்த கட்ட சோதனையின் முடிவு 2014இல் வந்தபோது, சிறுநீர்ப்பையின் கொள்ளளவிலோ தளர்விலோ முன்னேற்றம் இல்லை, பக்கவிளைவுகள்தான் இருந்தன. அதைக் கொண்டாட்டச் செய்தி போட்ட யாரும் போடவில்லை.

பலித்தவை எளிமையானவை. மூச்சுக்குழாய் அடிக்கடி ஒட்டிப்போய் மூச்சு நின்றுகொண்டிருந்த ஒரு கைக்குழந்தைக்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 2012இல் பி.சி.எல்லில் ஒரு வளைவுக்கூடு அச்சடித்து, குழாயை வெளியிலிருந்து அதோடு தைத்துத் தூக்கிப் பிடித்தார்கள். செல் எதுவும் ஏற்றவில்லை. குழந்தையின் சொந்தக் குழாய் கெட்டிப்படும்வரை தாங்கினால் போதும், பிறகு கூடு கரையட்டும். சிங்கப்பூரில் உருவான பி.சி.எல் அடைப்பான்கள் மண்டையோட்டில் துளையிட்ட இடத்தை மூடப் பல வருஷமாகப் பயன்படுகின்றன.

எனக்கு மிகவும் பிடித்தது ஹியூமசைட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் ரத்தக்குழாய். பாலிகிளைகாலிக் வலைக்குழாயில் மனித செல்களை வளர்க்கிறார்கள், வலை ஆய்வகத்திலேயே கரைகிறது, பிறகு செல்களையும் கழுவி நீக்கிவிடுகிறார்கள். மிஞ்சும் கொலாஜன் குழாய்தான் நோயாளிக்கு. யாருக்கும் பொருந்தும், முன்கூட்டியே செய்து வைத்துக்கொள்ளலாம். 2024 டிசம்பரில் கைகால் ரத்தக்குழாய்க் காயங்களுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

பிளாஸ்டிக் மூச்சுக்குழாய் வைத்து ஒருவர் ஜெயிலுக்குப் போனாரே, அது இதுதானா?

பாவ்லோ மக்கியரினி என்ற அறுவை மருத்துவர். 2011இல் ஸ்டாக்ஹோமில் செய்தது. அந்தக் குழாய் கரையாத பாலிமர், அதன்மேல் நோயாளியின் ஸ்டெம் செல்லைத் தடவி உயிருள்ள குழாயாகும் என்றார்கள், ஆகவில்லை. ஸ்வீடனில் அப்படி வைக்கப்பட்ட மூவரும் இறந்தார்கள். 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டரை வருஷச் சிறை விதித்தது.

கரையும் ஸ்டென்ட் நல்லதாமே?

ஸ்டென்ட் என்பது அடைத்த ரத்தக்குழாயை விரித்துப் பிடிக்கும் வலைக்குழாய். 2016 ஜூலையில் அப்சார்ப் என்ற பாலி எல் லாக்டிக் ஸ்டென்ட் அமெரிக்க அனுமதி பெற்றது, 2017 செப்டம்பரில் விற்பனையை நிறுத்தினார்கள். உலோகத்துக்கு ஈடான பலம் வர வேண்டுமென்று கம்பிகளை ஏறக்குறைய இரண்டு மடங்கு தடிமனாகச் செய்ய வேண்டியிருந்தது, அதில் ரத்தம் உறைவது கூடியது. கரையும் காலத்தில் சரிந்து விழும் துண்டுகளும் தொல்லை. 2024இல் முழங்காலுக்குக் கீழுள்ள குழாய்களுக்கு மட்டும் புதுவடிவம் ஒன்று அனுமதி பெற்றிருக்கிறது. இதயத்துக்கு இன்று உலோக ஸ்டென்ட் போட்டார்கள் என்றால் பழசைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள்.

இதில் மாடு, பன்றி ஏதாவது கலந்திருக்குமா? நாங்கள் சைவம்.

பி.எல்.ஏ, பி.எல்.ஜி.ஏ, பி.சி.எல் செயற்கைப் பாலிமர்கள். லாக்டிக் அமிலமே சோளம், கரும்பிலிருந்து நொதிக்கவைத்து எடுப்பதுதான். கொலாஜன், ஜெலட்டின் என்றால் பெரும்பாலும் மாடு, பன்றி அல்லது மீன். தீக்காயத்துக்குப் போடும் இன்டெக்ரா மாட்டுக் கொலாஜனும் சுறாக் குருத்தெலும்பிலிருந்து எடுத்த பொருளும் சேர்ந்தது. உங்களுக்கு அது முக்கியமென்றால் ஆபரேஷனுக்கு முன்பே கேளுங்கள், சங்கடப்பட ஒன்றுமில்லை. அவசரத்தில் உயிர் முக்கியம்.

நம் பக்கத்தில் யார் செய்கிறார்கள்?

அடையாறில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் கொலாஜன் பொருட்களில் நெடுங்காலமாக வேலை செய்கிறது, தோல் பதனிடும் தொழிலின் கழிவில் கொலாஜன் கொட்டிக் கிடக்கும்போது வேறு எங்கே செய்வார்கள்! தஞ்சாவூர் சாஸ்த்ரா பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு ஆய்வு மையம் உண்டு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் பன்றியின் பித்தப்பையிலிருந்து உருவாக்கிய கோலிடெர்ம் என்ற காயச்சாரத்துக்கு 2023இல் இந்திய அனுமதி கிடைத்தது. மாணவர்கள் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும்போது இவற்றை முதலில் பாருங்கள்.

டெப்போ ஊசி, அதாவது மருந்தை மெல்லக் கசியவிடும் ஊசி, போட்டுக்கொள்ளப் போகிறேன். என்ன கவனிக்க வேண்டும்?

மருந்துக் கடையில் வாங்கிக்கொண்டு போவதென்றால் குளிர்ச்சியில் வைக்க வேண்டியதா என்று அட்டையைப் பாருங்கள், வெயிலில் நிறுத்திய வண்டியில் விட்டுவிடாதீர்கள், சூட்டில் உருண்டைகள் ஒட்டிக்கொள்ளும். கூட வரும் திரவத்தில்தான் கலக்க வேண்டும், கலக்கியபின் வைத்திருக்கக் கூடாது, பொடி அடியில் தங்கி ஊசி அடைத்துக்கொள்ளும். போட்ட இடத்தைத் தேய்க்கச் சொன்னார்களா, கூடாது என்றார்களா என்று நர்ஸிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சில வாரம் ஒரு சின்னக் கட்டி தட்டுப்படலாம், சிவந்து சூடாகி வலித்தால் காட்ட வேண்டும். முக்கியமானது இது: போட்டபின் மருந்தைத் திரும்ப எடுக்க முடியாது. அதனால் ஒவ்வாமை ஏதாவது முன்பு வந்திருந்தால் ஊசி ஏறுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், அடுத்த தேதியை நாட்காட்டியில் குறித்தும் வைத்துவிடுங்கள்.